மூக்கோடு நின்ற படம்

பிரின்சி அப்பாவுக்கு,

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போறேன். மாவு பிரிட்ஜில இருக்கு. கிளம்பும்போது சாவியை பக்கத்து வீட்டு தையல்நாயகி அக்காகிட்ட குடுங்க.

நேத்து சண்டைக்கு இதுதான் சமாதானமா? என் கலர் பென்சிலையெல்லாம் உங்க ஆபீஸ் பேட்டரி ஷார்ப்னர்ல ஊசி மாதிரி சீவி வெச்சிருக்கீங்க. மெழுகு மாதிரி மெத்துனு இருக்கற பென்சில், பேப்பர்ல வெச்சதுமே உடையுது. இதுகூடவா தெரியாது?

சாயங்காலம் திண்டிவனம் ஆபீஸ்லேர்ந்து வரும்போது, கையால திருகற சின்ன இரும்பு ஷார்ப்னர் வாங்குங்க. பிளேடு புதுசா இருக்கணும். முனையைக் குட்டையா சீவணும். கடைக்காரரைக் கேளுங்க, உங்க மூளையை நம்பாதீங்க.

– கிளாரா

பி.கு: பிரவுன் பென்சில் முழுக்கத் தூளாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நினைவுப் பூசைக்கு நான் வரையற உங்க அப்பா படம் மூக்கோட நிக்குது. கண்ணு ரெண்டும் முடிஞ்சுது. அவரும் உங்களைத்தான் பாத்துக்கினு இருக்கார்.