உன் சிலேட்டில் மட்டும் விழுந்த சுழி

நேற்று எங்கள் லோகோ ஷெட் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரன் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கும் போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

உன் மேல் எனக்குப் பொறாமை, டா. நீ நன்றாகப் படித்ததற்காக இல்லை. கணக்கில் நான்தான் கெட்டி. உன் நைனாவுக்காகத்தான்.

என் அப்பா என்னைத் திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று வாத்தியாரைக் கும்பிட்டு, “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க ஐயா” என்றார். எல்லா அப்பன்மாரும் சொல்வதுதான். சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. உன் நைனாவும் அதையேதான் சொன்னார். ஆனால் மண்டி வண்டியை மயிலத்துக்கு ஓட்டிப்போகும்போதும் வரும்போதும் பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் மாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். நீ வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாய். எனக்கோ வயிறு எரியும்.

எழுத்து தெரியாத அந்த மனிதர்தான் அதைக் கண்டுபிடித்தார். வாத்தியார் மற்றப் பிள்ளைகளின் சிலேட்டைக் கையில் வாங்கி, தப்பைத் திருத்தி, பார்த்ததற்கு அடையாளமாக அடியில் ஒரு சுழி போட்டுக் கொடுப்பார். நீயும் நானும் மட்டும் தூர நின்று சிலேட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். சரி, தப்பு என்று வாயால் சொல்வதோடு சரி. நம் இருவர் வீடும் இருந்த தெரு அப்படி. நாமே அதைப் பழகிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ரோட்டில் போகும் பிள்ளைகளின் சிலேட்டையெல்லாம் பார்த்துவிட்டு உன் நைனா கேட்டார்: “எல்லாத்துலயும் வளைச்சி வளைச்சி ஒண்ணு போட்டுக்கீது. ஒன்துல மட்டும் ஏன் இல்ல?”

மறுநாளே வந்து வாத்தியாரிடம் கேட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசற்படிக்குக் கீழே நின்று, ஆனால் நேராகவே கேட்டார். வாத்தியார் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டார். “புள்ளய விட்டா விட்டதோட சரி. எப்படிப் பாடம் நடத்தணும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்றார் ஹெட்மாஸ்டர். பிறகு என்னைக் காட்டினார். “இவன் அப்பனப் பாரு. ஒரு நாளு இந்தப் படிய மிதிச்சிருக்கானா? அவன் மனுஷன்.”

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. ஒருவர் வராமல் இருந்ததற்கு இப்படி ஒரு மெடல்.

உன் நைனா விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் தொல்லை தாங்காமல் வாத்தியார் உன் சிலேட்டை வாங்கி ஒரு சுழி போட்டார். அடுத்து நான் நீட்டினேன். தூர இருந்தே “சரி, போ” என்றார்.

அன்று சாயங்காலம் நாம் இரண்டு பேரும் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தோம். உன் நைனா ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழிந்துவிடக் கூடாது என்று அந்தச் சுழியைத் தொடாமல், மேலாக விரலை ஓட்டிப் பார்த்தார். நீதான் சொன்னாய், “நைனா, இவன்துல போட மாட்டேன்றாரு” என்று.

“அத இவன் அப்பன் கேக்கட்டும்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “அவன் எங்க கேக்கப் போறான். இஸ்கூலு இன்ஸ்பெட்டரு வரட்டும், ரெண்டு புள்ளைக்கும் சேத்து அவராண்டயே கேட்டுட்றேன்” என்றார்.

இரண்டையும் கேட்டேன். முதலில் சொன்னதுதான் தைத்தது. மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்னால் ஹெட்மாஸ்டரிடம் போய், “சார், அவுங்க நைனா இன்ஸ்பெட்டருகிட்ட சொல்லப் போறாராம்” என்றேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். இனிமேல் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டேன் என்று கைநாட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் பையனைக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். “எம் புள்ள படிக்கிறத நான் பாக்கக் கூடாதுன்னா, இங்க அவன் இன்னாத்துக்கு?” என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நீ அஞ்சாம் வகுப்போடு வண்டியில் ஏறினாய். யார் சொன்னது என்பது மட்டும் உனக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த நாள் வாத்தியார் என் சிலேட்டைக் கேட்டு வாங்கினார். சுழி போட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

பட்டாளத்து லாரி ஓட்டப் போகும் வழியில் விழுப்புரத்தில் இறங்கி என்னைப் பார்க்க வந்தாயே. “இன்னாடா இது, படிச்சவன் கையா? எங்க மாட்டுக் காலு கூட சுத்தமா இருக்கும்” என்று சிரித்தாய். அன்று சொல்லியிருக்கலாம். பாயிலர் வால்வு காத்திருக்கிறது என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். வால்வு எதுவும் காத்திருக்கவில்லை.

பர்மா பக்கத்திலிருந்து உன்னைப் பற்றிக் காகிதம் வந்தபோது, உன் நைனா அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம்தான் கொடுத்தார். நான்தான் படித்துச் சொன்னேன். அது முதல் மாதம் ஒரு தடவை ஷெட்டுக்கு வருகிறார். என் போர்மேனைப் பார்த்துக் கும்பிட்டு, புள்ள ஒழுங்கா வேலை கத்துக்கிறானா, தப்பு பண்ணா திருத்துறீங்களா என்று விசாரிக்கிறார். என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் தலையைக் குனிவதில்லை. அவர் பேச்சில் பாதி உன்னைப் பற்றியே இருக்கும். அதைக் கேட்கும்போது இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன தடவை போர்மேன் என்னிடம், “யாருய்யா அது, உங்க அப்பாவா?” என்று கேட்டார்.

“ஆமாம் சார்” என்றேன்.

உன் நைனா பக்கத்திலேயே நின்றிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. நானும் இன்னும் அவரிடம் எதையும் சொல்லவில்லை.