அடி, மீட்டர், பனை

இல்லை, நான் கைதட்டவில்லை. மற்ற எல்லோரும் தட்டினார்கள். என் கையில் உன் போன் இருந்தது.

மூலையில் கண்ணாடி கீறிய, பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்ட அதே போன். உன் அம்மா மேடை ஏறும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். பின்னால் திரையில் உன் பெயர் பெரிதாக வந்தது. நீ எழுதிய ஆப்பின் புதிய பதிப்பு இது, உன் நினைவாக உன் பெயரையே வைத்திருக்கிறோம் என்று ராக்கெட் மன்றத்தின் செயலாளர் மைக்கில் சொன்னார். எல்லோரும் இப்போதே போனில் இறக்கிக்கொள்ளலாம் என்றார்.

உன் போனில் இறக்கப் பார்த்தேன்.

‘இந்த ஆப் உங்கள் சாதனத்தில் இயங்காது.’

மறுபடி அழுத்தினேன். அதே வரி. என்னுடையதில் பார்த்தேன். அதே வரி. பக்கத்தில் நின்ற செல்வி தன் போனை நீட்டிக் காட்டினாள். அதே வரி. உன் பெயர் வைத்த ஆப், அதை நீ எழுதிய போனிலேயே ஓடாது. இதற்குத்தான் கைதட்டினார்கள்.

சரி, புதியது வேண்டாம், பழையதைத் திறப்போம் என்று அதைத் தொட்டேன். பழையதற்கும் அவர்கள் கடைசியாக ஓர் அப்டேட் அனுப்பியிருந்தார்கள். திறந்தால், புதிய பதிப்புக்கு மாறவும் என்று மட்டும் சொல்கிறது. வேறெதுவும் செய்யாது. உன் அம்மா தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்த போனில், அவருக்குத் தெரியாமலே, அது தானாக இறங்கியிருக்கிறது.

கூட்டம் முடிந்து செயலாளரிடம் போனேன். சிரித்த முகம். யாரிடமும் கடிந்து பேசாத மனிதர். அதுவே எனக்கு எரிச்சல்.

“பழைய ஆண்ட்ராய்டுக்கெல்லாம் சப்போர்ட் குடுத்துக்கினே இருக்க முடியாதும்மா. மெம்பர்ஸ்ல பாதிப் பேருக்கு மேல ஐபோன். ஒரே பிளாட்பாரம்னா நீட்டா இருக்கும்.”

“இத எழுதனவ போன்லயே ஓடல சார்.”

“அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்துடலாம்மா. மன்றத்துல பேசுறேன்.”

அவருக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

*

நாம் தொடங்கியபோது மன்றம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, கரும்பு வெட்டி முடிந்த உங்கள் ஏம்பலத்துக் கொல்லை, இரண்டு லிட்டர் சோடா பாட்டில். பாட்டிலில் கால் பாகம் தண்ணீர். மிச்சத்துக்குக் காற்று. தவளக்குப்பம் பஞ்சர் கடை அண்ணன் இரவல் தந்த கால் பம்பு. நான் அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். துணிக்கடையில் லீவு கிடைத்தால் செல்வியும் வருவாள். பம்பைக் கொடுக்கும்போது அண்ணன் ஒவ்வொரு வாரமும் அதையே சொல்வார்: “மேல போய்ச் சேந்தா சொல்லும்மா. அங்க ஒரு பிராஞ்சு போட்டுர்றேன்.”

கல்லூரியில் படித்த கணக்கை நீதான் முதலில் வெளியே எடுத்தாய். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று, பாட்டில் என்ன எடை, அப்படியானால் எவ்வளவு உயரம். அதைப் பேருந்தில் உட்கார்ந்தே போனில் எழுதினாய். விசைப்பலகை இல்லாமல், லேப்டாப் இல்லாமல், வில்லியனூர் வரை ஒரு கட்டைவிரலால். பிறகுதான் என் லேப்டாப்புக்கு வந்தது.

முதல் சண்டை காற்றழுத்தத்தில் வந்தது. அண்ணனின் பம்பு கேஜில் இரண்டு வட்டம். வெளி வட்டத்தில் பெரிய எண்கள், பி.எஸ்.ஐ. உள் வட்டத்தில் சின்ன எண்கள், பார். ஒரே முள், இரண்டு அளவு. அதே காற்றைச் செல்வி ஐம்பத்தைந்து என்று படிப்பாள். நான் கிட்டத்தட்ட நாலு என்று படிப்பேன். அலகின் பெயரைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நான் சொன்னேன், எண் பத்துக்கு மேல் போனால் பி.எஸ்.ஐ. என்று ஆப்பே எடுத்துக்கொள்ளட்டும், எளிது. நீ ஒத்துக்கொள்ளவில்லை.

“மிஷின் ஊகிக்கக் கூடாதுடி. கேக்கணும்.”

அதனால் நம் ஆப் கேட்டது. எண்ணைப் போட்டதும் கேஜ் படம் ஒன்று வரும். பெரிய நம்பர் வட்டமா, சின்ன நம்பர் வட்டமா? எந்த வட்டத்தைப் படித்தாயோ அதைத் தொட வேண்டும். அவ்வளவுதான். பி.எஸ்.ஐ., பார் என்ற சொற்களே அதில் கிடையாது. பஞ்சர் கடை அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, “என் கேஜே உள்ள வந்துக்கிதே” என்றார்.

இரண்டாவது சண்டை உயரத்தில். ஆப் மீட்டர் சொல்லும், அடியும் சொல்லும். ஆனால் கொல்லையில் யார் மீட்டர் பேசினார்கள்?

“எவ்ளோ ஒசரம்டி போச்சு?”

“ரெண்டு பனை இருக்கும்.”

“தோ, வந்துட்டா. ஒன்ற பனைகூட இல்ல.”

ஒரு வாரம் நீ வரப்புப் பனையின் நிழலையும் ஒரு குச்சியின் நிழலையும் அளந்துகொண்டிருந்தாய். அடுத்த வாரம் அலகுப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அடி, மீட்டர், பனை. கீழே சின்ன எழுத்தில் விளக்கம்: ஒரு பனை என்பது பதினெட்டு மீட்டர், ஏம்பலம், எங்கள் கொல்லை வரப்பு.

நான் விடவில்லை. பனைக்குப் பனை உயரம் மாறும், இது என்ன அலகு என்றேன்.

“எல்லாப் பனையும் இல்லடி. இந்தப் பனை.”

“இதுவும் வளருமே. வளந்தா இன்னா பண்ணுவ?”

“அப்டேட் குடுப்பேன்.”

செல்வி சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

மன்றத்தை நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். ஆப்பை ஸ்டோரில் போட ஒரு கணக்கு வேண்டும். அவர்களிடம் இருந்தது. அவர்கள் பெயரில் போட்டால் என்ன என்றாய். நான் வேண்டாம் என்றேன். ஆப்பின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதிய வரியையும் வேண்டாம் என்றேன்: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

“யாரு வேணா எடுத்துக்கட்டும்டி. நாம இன்னா பொத்திப் பொத்தியா வைக்கப் போறோம்?”

எடுத்துக்கொண்டார்கள். மாற்றிக்கொண்டார்கள். இப்போது சொல், யாரிடம் போய்க் கேட்பது? அவர்கள் செய்தது எல்லாம் நீ அனுமதித்தது. உன் வரியைத்தான் செயலாளர் மேடையில் படித்துக் காட்டினார். என்ன பெரிய மனசு என்றார். அந்த நேரத்தில் அவர்மேல் வந்ததைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

நீ கோபப்படவே மாட்டாய். பனையெல்லாம் யூனிட்டாம்மா, வெளியில பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க என்று அவர் முன்பு கேட்டபோதும், “கீழ வெளக்கம் போட்டுருக்கேன் சார்” என்று அமைதியாகச் சொன்னாய். நான் பல்லைக் கடித்தேன். நம் இரண்டு பேருக்குமான கோபத்தை நான் ஒருத்தியே படவேண்டியிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றாய். எவ்வளவு என்று கேட்டேன். “தொட்டுப் பாத்தேன், பரவால்ல” என்றாய். தெர்மாமீட்டர் வைத்தாயா என்றேன். வைக்கவில்லை. ரத்தம் பார்த்தாயா என்றேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றாய். நாளைக்கும் அதையே சொன்னாய். தண்ணீர், காற்று, எடை என்று மூன்றே விஷயத்தைக் கேட்கும் ஓர் ஆப்பில் ஒரு எண்ணைக்கூட ஊகிக்க விடாதவள், உன் உடம்பை உள்ளங்கையால் தொட்டு ஊகித்தாய். டெங்கு என்று தெரிந்தபோது நீ ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

இதை உன்னிடம் நேரில் கத்த முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

*

உங்கள் கொல்லையில் மேடை போட்டு நடத்திய அந்தக் கூட்டத்தின் மீதியையும் கேள்.

புதிய ஆப்பைக் காட்டுவதற்காகவே பாட்டில் ஒன்றை ஏவினார்கள். ஏவச் செல்வியைக் கூப்பிட்டார்கள். உன்னோடு தொடக்கத்திலிருந்து ஏவியவள் என்று மைக்கில் பெருமையாகச் சொன்னார்கள். அவள் போனில் ஆப் ஓடாததால் செயலாளர் தன் போனைக் கொடுத்தார். பம்பு அதே அண்ணனின் பம்பு. செல்வி மிதித்தாள். முள்ளைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து. போட்டாள்.

ஆப் கேட்கவில்லை.

கேஜ் படம் வரவில்லை. வட்டம் வரவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத சாம்பல் நிறத்தில், பார் என்று இருந்தது. பிறகு பார்த்தேன். ஐம்பத்தைந்து பார். அந்தக் காற்றைத் தாங்கும் சோடா பாட்டில் உலகத்தில் கிடையாது. அந்த ஆப்புக்கு அதெல்லாம் தெரியாது. கணக்குப் போட்டு ஒரு விடை சொன்னது. விடையைப் படிக்கச் சொல்லி மைக்கை அவளிடம் நீட்டினார்கள்.

“ரெண்டாயிரம் அடி” என்று படித்தாள்.

கொல்லை முழுக்கச் சிரிப்பு. “நிலாவுக்காம்மா?” என்றார் செயலாளர், மைக்கிலேயே. “யூனிட்ட பாக்கணும்ல?” பாட்டில் எப்போதும் போல எழும்பி எப்போதும் போல விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, பனை எதற்கு என்று. இவ்வளவு காலம் அதை உன் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இரண்டாயிரம் அடி என்பது செல்விக்கு வெறும் எண். எனக்கும்தான். அதையே முப்பத்துநாலு பனை என்று காட்டியிருந்தால் மைக் வாய்க்கு வருவதற்கு முன் அவளே சிரித்திருப்பாள். இன்னாடி இது, லூசாயிடுச்சா இந்த போனு என்று என்னிடம் கொண்டு வந்திருப்பாள். தப்பு நடந்தால் உடனே கண்ணில் படுகிற அளவு அது. கண்ணெதிரே வரப்பில் நிற்கிறது. அதைத்தான் எடுத்துவிட்டார்கள். அசிங்கமாக இருக்கிறதாம்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இனிமே நான் வரலன்னா தப்பாடி?”

தவளக்குப்பத்தில் அவளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு முழுக்க உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே உன் வரி வந்து நின்றது. யார் வேண்டுமானாலும்.

யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தான். நீ எழுதிய ஆப்பின் கோடிங் முழுக்க என் லேப்டாப்பில் இருக்கிறது.

*

காலையில் போனைத் திருப்பிக் கொடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சால்வை கொடியில் கிடந்தது. தோய்த்துப் போட்டிருந்தார்.

“இன்னாடி, போன தூக்கிக்கினு போயிட்ட?”

“உங்க பாப்பா பண்ண ஆப்பு இதுல தொறக்கலம்மா. அவங்க நிறுத்திட்டாங்க.”

“நிறுத்திட்டாங்களா? நேத்துதான அவ பேர வெச்சாங்க?”

“உங்கள கேட்டாங்களாம்மா, பேர் வெக்கலாமான்னு?”

“யாரு கேட்டா? மேல ஏறச் சொன்னாங்க, ஏறனேன். போத்திக்கச் சொன்னாங்க, போத்திக்கினேன்.” ஒரு காம்பை உருவிப் போட்டார். “எல்லாரும் தட்டனாங்க. நீ தட்டல. பாத்தேன்.”

நான் கீழே உட்கார்ந்தேன். பழையதை மறுபடி போடப் போகிறேன், பழைய போனிலும் ஓடுகிற மாதிரி, வேறு கணக்கில் என்று சொன்னேன். பெயர் என்ன வைக்கட்டும், பாப்பா பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். யாராவது அவரைக் கேட்க வேண்டும். கேட்காமல் எடுத்துக்கொள்ள எனக்கும் உன் வரி இடம் கொடுத்திருந்தது. இருந்தாலும்.

ஆய்ந்த கீரையை முறத்தில் வாரிப் போட்டார்.

“அதுல பனை இருக்குமா?”

“இருக்கும்மா.”

“அப்ப போடு. பேரு வேணாம். நேத்து பாத்தனே, பெரிசா. போதும்.” பிறகு, போனைக் கையில் வாங்கி ரப்பர் பேண்டைச் சரிசெய்துகொண்டு: “அந்த துணிக்கடப் பொண்ணு அழுதாளா?”

“அழல.”

“வரச் சொல்லு அவள.”

வெயில் சாய்ந்த பிறகு செல்வியை அழைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். குச்சியை நட்டோம். நிழல் இரண்டையும் அளந்தோம். என் கணக்கில் சற்றுப் பிசகு இருக்கலாம். உன் பனை நீ எழுதியதைவிட ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. பதினெட்டை அழித்துப் புதிய எண்ணைப் போட்டேன். உன் போனில் ஏற்றி, ஐம்பத்தைந்து என்று செல்வியைப் போடச் சொன்னேன். எந்த வட்டம் என்று அது கேட்டது. பிறகு புதுக் கணக்கில் அதை ஸ்டோரில் போட்டு, எல்லோருக்கும் அப்டேட் கொடுத்தேன்.