பஸ்ஸேறி வந்த ஜிலேபிக் கெண்டை

மீனெல்லாம் பெயரைக் கேட்டே கரையேறி ஓடும் என் அருமை மச்சான் சடையப்பனுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மேலே ஓடை உண்டா? உண்டென்றால் இந்நேரம் அதைக் கலக்கி முடித்திருப்பாய். இங்கே ஒரு சேதி நடந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் புகழை முதலில் நாலு பேருக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கட்டி நம் மலை மீன் ஒரு துண்டை வாயில் வைத்தால் போதும், "இது வாழவந்தி நாட்டு ஓடை, இது குண்டூர் நாட்டுது" என்று பிரித்துச் சொல்வாய். அந்த மீனின் மாமியார் பெயர் வரைக்கும் சொல்வாய் என்று ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான். ஒரு தடவைகூட நீ தோற்றதில்லை.

மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இப்போது அந்த வித்தை செல்லாது, மச்சான். ஆறோ ஏரியோ, எங்கே வலை போட்டாலும் ஜிலேபிக் கெண்டைதான். வளர்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீன். ஊர் மீனின் இரையைத் தின்று, முட்டையையும் தின்று, தான் மட்டும் பெருகிவிடுகிறது. நாலு மாவட்டத்துக்கும் ஒரே குழம்பு.

மலைமேல் நம் ஓடை மட்டும் தப்பியிருந்தது. அருவியை எதிர்த்து எந்த மீன் ஏறும்? நம் கல்லொட்டி மீன், பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி இருந்தது.

போன வாரம் உன் திதிக்காக உன் மகள் மல்லிகா சேலத்திலிருந்து வந்தாள். சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம், குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது.

"என்ன சாமி, காவேரியையே தூக்கிட்டு வந்துட்டயா?"

"மீனுங்க மாமா. அப்பா நெனப்பா நம்ம ஓடையில உடலாம்னு. பெருகிக் கெடக்கட்டுமுங்க."

துணியை விலக்கிப் பார்த்தேன். ஜிலேபிக் கெண்டை! அருவி ஏறத் தெரியாத மீன், எழுபது கொண்டை ஊசி வளைவையும் உட்கார்ந்தபடியே ஏறி வந்திருக்கிறது. குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடையில வேண்டாம் கண்ணு."

"ஏனுங்க மாமா, மீனுன்னா மீனுதானுங்களே? எங்கப்பாவுக்குன்னு ஒன்னு செய்ய உடமாட்டீங்களா?"

அவள் கண் கலங்கிவிட்டது. மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒற்றைக் கையால் யானையைத் தள்ளியவன் நான் (நீதானே சாட்சி!), அந்தக் கண்ணீருக்கு முன்னால் இரண்டடி பின்வாங்கினேன்.

"கண்ணு, உங்கப்பன் கண்ணக் கட்டி இந்த மீனக் குடுத்தா, எந்த ஓடைன்னு சொல்லுவான்?"

யோசித்தாள். "எங்க ஊட்டுக்குப் பக்கத்து ஏரியில இதுதான். மேட்டூர்லயும் இதேதான்…" நிறுத்தினாள். "சொல்ல முடியாதுங்க."

"இது எறங்குச்சுன்னா, நாளைக்கு நம்ம ஓடைக்கும் அதே பதில்தான்."

குடத்தின் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். "அப்பக் கொழம்பு வெச்சிரலாமுங்க. புளிய மட்டும் நீங்க கரைக்காதீங்க. போன தடவ ஒரு வாரம் பல்லு கூசுச்சு."

சந்தேகமே இல்லை, உன் மகள்தான்.

திதியன்று உன் இலையில் அந்த மீனையே வைத்தோம். வழக்கம்போல் நான் கேட்டேன்: "எந்த ஓடை மச்சான்?" காக்கை வந்து கொத்திக்கொண்டு பறந்தது. பதில் இல்லை. முதல் தடவையாக நீ தோற்றுப்போனாய். மல்லிகா சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது. அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டை நடமாடும் வரை, வெளியூர் மீன் ஒன்றுகூட நம் ஓடையில் இறங்காது. வரும் வருஷம் உன் இலையில் கல்லொட்டி இருக்கும். வந்து ஜெயித்துவிட்டுப் போ.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
உன்னிடம் எப்போதும் பந்தயம் தோற்ற மச்சினன்.