பெரியம்மாவின் மடியில் இருந்தது நான்

அவெயில்,
ஜூலை 12, 2011

அன்புள்ள லுவால் அண்ணாவுக்கு,

வடக்கிலிருந்து பிரிந்து நம் நாடு பிறந்துவிட்டது, கொடி ஏறிவிட்டது, நான் மின்னஞ்சல் போட்டு அழைத்த அமெரிக்கப் பாதிரியார் நிஜமாகவே நம் ஊருக்கு வந்துவிட்டார், மேடையில் நம் பெரியம்மா மகள் அபுக்கின் பெயரைச் சொன்னார்.

எழுந்து நிற்காதீர்கள் அண்ணா. உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள். அபுக் கிடைக்கவில்லை. மூன்று நாளாக இதை எழுத முயன்று அழித்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மழை விட்டிருந்தது. பந்து மைதானம் முழுக்கச் சேறு, அதில் ஊரே நின்று ஆடியது. தேவாலயப் பெண்கள் சிலுவையைத் தூக்கிக் குதித்த குதியில் என் பாவாடை நனைந்துவிட்டது. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. நான் படமாக எடுத்துத் தள்ளி, என் 'நம் புது நாடு' முகநூல் பக்கத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தேன். நீங்கள் மெல்போர்னிலிருந்து விருப்பம் போட்டதையும் பார்த்தேன். சந்தினோ மாமா என்னைக் காட்டி, "நாடு பொறந்ததே இவ போன்லதான், வேணும்னா பிரசவக் கூலி கேளுங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அவர் இப்போது மாவட்ட அலுவலகத்தில் பெரிய ஆள், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டுகிறார்.

பாதிரியார்மேல் எனக்கு எவ்வளவு பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். என் ஆங்கிலமே அவருடைய பிரசங்க வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான். வடக்கிலிருந்து வரும் குதிரைக்காரர்கள் தெற்கில் ஊர்களை எரித்துப் பிள்ளைகளைத் தூக்கிப்போகிறார்கள் என்று அவர் தன் நாட்டில் தேவாலயம் தேவாலயமாகப் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் ஆட்சியாளர்களின் வாசலில் போய் நின்றார்கள். அப்படிப் பல பேர் நின்றதால்தான் பெரிய நாடுகள் வடக்கையும் தெற்கையும் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கின. நான் அப்படித்தான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். "நாங்கள் உங்களுக்கு ஒரு காளை கடன்பட்டிருக்கிறோம், வந்து தாண்டுங்கள்" என்று எழுதினேன். வந்தார். வாசலில் வெள்ளைக் காளையை வெட்டிக் கிடத்தினோம், நம் முறைப்படி அதைத் தாண்டி உள்ளே வந்தார். அஜோக் பெரியம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய் அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "எம்பொண்ணு பேரை எழுதிக்கிட்டுப் போனவரு இவருதான். எழுதினவரு மறப்பாரா?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

அது நடந்தபோது நீங்கள் இங்கே இல்லை, அதனால் திரும்பச் சொல்கிறேன். நீங்கள் கென்யா அகதி முகாமுக்கு நடந்து போனதற்கு அடுத்த வருஷம் குதிரைக்காரர்கள் அபுக்கைத் தூக்கிப்போனார்கள். அவளுக்கு ஏழு வயது, எனக்கு ஐந்து. அன்று சாயங்காலமே என் அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரியம்மாவின் பாயில் உட்கார வைத்தாள். "அக்கா, இவ இனிமே உன்கிட்டதான் இருப்பா" என்றாளாம். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் பாய் காலியாக இருக்கக் கூடாது என்று நம் வீட்டில் செய்வதுதானே. அன்றிலிருந்து நான் பெரியம்மாவின் குடிசையில்தான் தூங்கினேன்.

சில மாதம் கழித்துச் சிறிய விமானத்தில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வடக்கு வியாபாரிகளுக்குப் பணம் கொடுத்து, பிடித்துப்போன பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்தார்கள். நிஜமாகவே வந்தார்கள் அண்ணா, இதை யாரும் பொய் என்று சொல்லக் கூடாது. அடுத்த வீட்டு நியிபோல் அப்படி வந்தவள்தான். ஆனால் அன்று புளியமரத்தடியில், திரும்பி வந்தவர்களும் தங்கள் பிள்ளை வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா என்னை மடியில் வைத்திருந்தாள். அவர்களோடு வந்திருந்த இந்தப் பாதிரியார் அவள் முன்னால் குனிந்து பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார். தொலைந்த பிள்ளையைத் தேடுவதற்குக் கேட்கிறார் என்று பெரியம்மா நினைத்தாள். "அபுக்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார், படம் எடுத்துக்கொண்டார்.

புளியமரத்தடியில் நடந்தது எதுவும் விழா நடந்த சனிக்கிழமை வரை எனக்குத் தெரியாது.

மேடையில் அவருக்கு மொழிபெயர்த்தது யார் தெரியுமா? நான்தான். நானே கேட்டு வாங்கிய வேலை. ஜெனரேட்டர் போட்டு வெள்ளைத் துணியில் பழைய படங்களைக் காட்டினார்கள். நான் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு அவர் சொல்லச் சொல்ல நம் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் குழந்தையின் முகம் எங்கள் ஊர்த் தேவாலயங்களில் எல்லாம் தொங்கியது என்றார், சொன்னேன். இந்த முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஜனங்கள் எழுந்தார்கள் என்றார், சொன்னேன். இவள் பெயர் அபுக், மீட்கப்பட்டுத் தாயின் மடிக்கு வந்து சேர்ந்தவள் என்றார். பாதி வரி சொல்லிவிட்டுத் திரும்பித் துணியைப் பார்த்தேன்.

ஒரு கை கிழிந்த வாத்துப் படச் சட்டை. நான்தான் அண்ணா. பெரியம்மாவின் மடியில் நான்.

என் வாய் நின்றுவிட்டது. மைக் போய்விட்டது என்று நினைத்து யாரோ, "டேய், ஒயரை ஆட்டிப் பாருங்கடா" என்று கத்தினார்கள். முன் வரிசையில் பெரியம்மா எழுந்தாள். சத்தம் போடவில்லை. "அது அயேன்தானே. என் அபுக்கை எங்க வச்சிருக்காருன்னு கேளு" என்றாள். நான் கேட்டேன். கிடைக்காத பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் வருஷா வருஷம் ஆள் விட்டுத் தேடினோம், உங்கள் மகளுக்காக நன்றி சொல்லித்தான் ஜெபித்தோம் என்றார். கிடைத்துவிட்டவளை யார் தேடுவார்கள்?

இத்தனை வருஷமாகப் பெரியம்மா, அந்த மனிதர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நம்பி, அவருக்காகவும் சேர்த்தல்லவா ஜெபித்தாள்.

சந்தினோ மாமா மைக்கை வாங்கிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை உன் பக்கத்துல போட்டுடாத தாயி. ஒரு படம் தப்புன்னு தெரிஞ்சா, புள்ளைங்களைத் தூக்கினதே கட்டுக்கதைன்னு வடக்குல கொட்டு அடிப்பான். நாடு பொறந்து ஒரு பொழுதுகூட ஆகலையே" என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

மறுநாள் காலை பாதிரியார் தனியாகக் குடிசைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். எங்களுக்கு அந்தப் படம் அவ்வளவு தேவையாக இருந்தது, அதனால் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை என்றார். பெரியம்மா சர்க்கரை அள்ளிப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். "குடிக்கச் சொல்லு. அப்புறம் இன்னொரு தடவை எழுதிக்கச் சொல்லு. இந்தத் தடவை, கிடைக்கலைன்னு எழுதச் சொல்லு." அவர் எழுதினார். எனக்கு அவரை வெறுக்கவும் தெரியவில்லை, பழையபடி பார்க்கவும் தெரியவில்லை.

போன வாரம் வரைக்கும் கார்ட்டூம் நம் நாட்டு ஊர்தான். பஸ்ஸோ ரயிலோ ஏறிப்போய்ச் சந்தை சந்தையாகத் தேடியிருக்கலாம். இப்போது நடுவில் எல்லை. அந்த எல்லைக்குத்தான் நான் தொண்டை கிழியக் கத்தினேன். வடக்கில் இருக்கும் நம் ஜனங்களைக் கிளம்பச் சொல்கிறார்களாம். தான் யார் என்று அபுக்குக்கே தெரியாவிட்டால் அவள் யாரோடு கிளம்புவாள்?

அன்று பொழுது சாய்ந்ததும் பெரியம்மா என் பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தாள். "உங்கம்மாகிட்ட போய்ப் படு கண்ணு. உன்மேல கோவம் இல்ல. நீ உக்காந்திருந்ததாலதான அவ வந்துட்டான்னு நினைச்சாங்க. அந்த இடம் காலியா இருக்கட்டும்" என்றாள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நான் இதை என் பக்கத்தில் போடத்தான் போகிறேன் அண்ணா. சந்தினோ மாமாவின் பயத்துக்குப் பதிலாக, நிஜமாகவே மீண்டு வந்த நியிபோலின் கதையையும் சேர்த்தே போடுவேன், அவளே சம்மதித்துவிட்டாள். அபுக்கின் அடையாளம்: இடது முழங்கைக்குக் கீழே கஞ்சிப் பானை சுட்ட தழும்பு. பெயரை மாற்றியிருப்பார்கள். மொழியையும் மறந்திருக்கலாம். ஆனால் ஒன்றை மறந்திருக்க மாட்டாள் என்று பெரியம்மா சொல்கிறாள். உங்கள் சிவப்புக் காளைக்கு நீங்கள் கட்டிய பாட்டு. மாட்டுப் பட்டியில் உங்கள் பின்னாலேயே திரிந்து அதை அவள் பாடுவாளாம்.

அந்தப் பாட்டை உங்கள் குரலில் பாடிப் பதிவு செய்து இன்றைக்கே அனுப்புங்கள். காளை செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று யோசிக்காதீர்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. உங்கள் ஊர்த் தேவாலயத்தில் எல்லோரையும் கூட்டி இதைப் படித்துக் காட்டுங்கள். கார்ட்டூமில் ஒரே ஒரு ஆளைத் தெரிந்தவர்கூட அவருக்கு அனுப்பட்டும். கொடிப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்தார்களோ அத்தனை பேரும் இந்தப் பாட்டைப் பகிரட்டும்.

கடவுள் உங்களைக் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் காக்கட்டும். பெரியம்மா அபுக்குக்காகப் பாயை விரித்து வைத்துவிட்டு, உங்கள் குரல் வந்துவிட்டதா என்று இதோ வாசலில் நின்று கேட்கிறாள்.

உங்கள் தங்கை,
அயேன்