மாங்காட்டு பஸ்ஸில் போட்ட கையெழுத்து

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஜூன் 1974

அன்புள்ள பாஸ்கரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ சுகம் என்று எழுதியிருந்தாய், இந்த முறை அதை அப்படியே நம்ப முடியவில்லை. மே மாதம் முழுவதும் ஒரே ஒரு கார்டு. வேலையாக வெளியூர் போகிறேன் என்றாய், எந்த ஊர் என்று இல்லை. பம்பாயில் சர்க்கார் ஆராய்ச்சி வேலை என்பதற்கு மேல் நீ எங்களுக்கு எதுவும் சொன்னதே கிடையாது. அந்த மாதமே ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் நாடு அணுவை வெடித்துப் பார்த்ததாக ரேடியோவில் சொன்னார்கள். சமாதான காரியத்துக்காம். சமாதானத்துக்கு எதற்கு வெடி என்று எனக்குப் புரியவில்லை. அப்பா ஜிலேபி வாங்கி குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கொடுத்தார், அதில் நம் பிள்ளையும் இருப்பான் என்று அவருக்கு நினைப்பு. என் பங்கை நான் தொடவில்லை.

போன வாரம் கோவில்பதாகையிலிருந்து சொர்ணம் என்று ஒரு டீச்சர் வந்தாள். எந்த நாடும் அணுகுண்டு செய்யக்கூடாது, இருப்பதையும் அழித்துவிட வேண்டும் என்று எல்லா அரசாங்கத்துக்கும் அனுப்பும் மனுவாம், கையெழுத்துக் கேட்டாள். யார் அனுப்பிய ஆளோ என்று கதவைப் பாதிதான் திறந்தேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மா, "யக்கா, போட்டுடாதே. உன் ஊட்டுக்காரரு டாங்கி செய்யிற ஃபேக்டரியில வேலை பாத்துகினு கீறாரு, நீ குண்டு வேணான்னா வுடுவாங்களா? குவாட்டர்ஸக் காலி பண்ணச் சொல்வாங்க" என்றாள். போடாமலே அனுப்பிவிட்டேன். அப்பாவோ அந்த டீச்சர் வேவு பார்க்க வந்தவள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாங்காட்டுக் கோயிலுக்குப் போகும்போது பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்தாளோ என்று சந்தேகம். உனக்கு இதில் என்ன லாபம் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்க நைனா பட்டாளத்துல இருந்தாரும்மா. சண்டை முடிஞ்சதும் ஜப்பானுக்கு இட்டுகினு போனாங்க. குண்டு போட்ட ஊர்ல ஒரு பொம்பள சாம்பலக் கிளறி, கிண்ணம் கிண்ணமா எடுத்துக் கழுவி வெச்சிகினு இருந்தாளாம். எத்தினி பேருக்கு சோறு போடப் போறாளோன்னு நைனா பாத்துகினே நின்னாராம். ஒருத்தரும் வரல. சாவுற வரிக்கும் அதையே சொல்லிகினு இருந்தாரு" என்றாள்.

கையெழுத்து வேண்டும் என்றால் எந்தக் கதையும் சொல்வார்கள் என்று அப்போதும் தோன்றியது. கதை பொய்யாகவே இருக்கட்டும், குண்டு பொய்யில்லையே. உன் வேலைக்குக் கெடுதல் வருமோ என்று கொஞ்சம் தயங்கினேன். பிறகு பஸ் குலுக்கலில் கோணல்மாணலாகப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார். நேற்று அவராகவே வந்தார். பையனுக்கு எழுதிவிடு, யாராவது கேட்டால் அவன் திருதிருவென்று முழிக்கக்கூடாது என்றார்.

அதனால் எழுதுகிறேன், கேட்கவும் செய்கிறேன். அந்த வெடியில் உன் கை உண்டா? இடம், ஆள் எதுவும் சொல்ல வேண்டாம். உண்டு, இல்லை, ஒரு வார்த்தை போதும். மெஸ் சாப்பாடு, மழை என்று பேச்சை மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்குவேன். உண்டு என்றால், அடுத்ததற்கு உன்னைக் கூப்பிடும்போது, வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவள் உன்னைப் பெற்றவள் என்பதை நினைத்துக்கொள்.

காமாட்சியம்மன் உன் கூடவே இருக்கட்டும். அங்கே மழை தொடங்கியிருக்கும், நனைந்து வந்தால் தலையை நன்றாகத் துவட்டு. இந்தக் கவரை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியதுபோல் இருந்தால் அதையும் மறக்காமல் எழுது.

பதில் எதுவானாலும் உன் அம்மா,
லோகநாயகி