சாவிக் கடைக்கு வராதவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். சிறைச் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தது போதும் என்று நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. நான்கு இரும்பு அலமாரி, கால் ஆடும் ஒரு மேசை. கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை போடுகிறேன்.

பசை காயும்வரை சும்மா இருப்பானேன் என்று நேற்று ஒன்றைப் பிரித்தேன். சிறு கடைக்காரர்கள் வாடிக்கையாளரை எப்படி வரவழைப்பது என்று முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள்! பதினெட்டு வருடம் பூட்டும் சாவியுமாகக் கடை நடத்தினேன். இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாமல் போயிற்று, பார். பூட்டுக்காரன் பூட்டை விற்பதில்லையாம், மனுஷனுக்கு நிம்மதியை விற்கிறானாம்.

ஏழு மாதமாகக் கடை உன் ஒருத்தி தலையில். நான் அறியாமல் வெட்டிக் கொடுத்த ஒரு சாவியால் யாரோ வீட்டில் திருட்டுப் போனது, அதற்கு நீயும் பாப்பாவும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கிறீர்கள். என்னால் ஆனது இந்தப் படிப்புதான். முதலில் பெயர்ப்பலகையில் துரு போக வண்ணம் அடி. ‘சாவி பத்து நிமிடத்தில்’ என்று பெரிதாக எழுது. துண்டுச்சீட்டு அடித்து வீடு வீடாகக் கொடு. வருபவர்களிடம் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேள்.

உன்,
பூட்டுக்காரன்

பிப்ரவரி 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. உங்களிடம் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. பலகைக்கு நானே வண்ணம் அடித்தேன். பக்கத்துக் கடைத் தையற்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்மா, இடது பக்கம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருந்தும் எழுத்து சாய்ந்துவிட்டது. இருநூறு துண்டுச்சீட்டு கொடுத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

இந்த வாரம் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வழி கேட்டார். ஒருவர் சில்லறை கேட்டார். மூன்றாமவர் கத்தரிக்கோல் சாணை பிடிப்பீர்களா என்றார். மூவரிடமும் வீட்டில் சுகமா என்று கேட்டேன். சில்லறை கேட்டவர் பயந்தே போய்விட்டார்.

வாயாடி என்று எழுதுகிறீர்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் வாய் காய்ந்து கிடக்கிறேன். அது யாருக்குத் தெரிகிறது?

உங்கள்,
வாயாடி

மார்ச் 10

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

நான் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டாவது புத்தகம் அதைத்தான் சொல்கிறது. வியாபாரம் படுத்தால் நாமாக ஊகித்து மருந்து போடக் கூடாதாம். வராமல் போனவர்களிடமே போய், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டுமாம். குறுக்கே பேசக் கூடாது, சமாதானம் சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ள வேண்டும். பத்துப் பேரைக் கேட்டால் காரணம் தெரிந்துவிடும் என்று போட்டிருக்கிறது.

உன்னை அலைய வைக்கிறேன். எனக்கு இந்த மேசையை விட்டு நகர வழியில்லை. நீதான் போக வேண்டும். பாப்பாவின் பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல்.

உன்,
பூட்டுக்காரன்

ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

பத்துப் பேரைக் கேட்டுவிட்டேன்.

மருந்துக்கடைக்காரர், “பூட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, தேவைப்படல” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வேறு கடையில் வாங்கிய புதுப் பூட்டு உறை பிரிக்காமல் தொங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், “எனக்கு ஒண்ணும் இல்ல. மத்தவங்க கேப்பாங்கல்ல?” என்றார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியைதான் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நேராகச் சொன்னார்: “உன் வேலையில குறை சொல்ல மாட்டேன். ஆனா என் வீட்டுச் சாவி உன் கடையில அரை மணி நேரம் இருந்துச்சுன்னா, அந்த அரை மணி நேரமும் எனக்கு நிம்மதியே இருக்காது.”

குறுக்கே பேசவில்லை. எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் சொன்னதும் சுற்றி வளைத்து இதேதான்.

பத்தாவது ஆளாக அந்தச் செவிலியை நான் தேடிப் போகவில்லை. திருட்டுப் போன வீட்டுக்காரியிடம் எந்த முகத்தோடு போவேன்? பேருந்து நிறுத்தத்தில் அவரே வந்து பக்கத்தில் நின்றார். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். “உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. உனக்கென்ன தெரியும்?” என்றார். “அவருக்கும் தெரியாதுங்க” என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதானே. அவர் பேருந்து வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்தும் அந்தத் திரும்பல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் பதினோராவது ஆளாக உங்களைக் கேட்கிறேன். நான் சாவி வெட்டத் தொடங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது. உங்களிடம் வந்தவனைப் போல சோப்புக்கட்டியில் சாவி அச்சு எடுத்துக்கொண்டு ஒருவன் வந்தால், அது அவன் வீட்டுச் சாவி இல்லை என்று எனக்கே தெரிகிறது. பதினெட்டு வருடக்காரரான உங்களுக்குத் தெரியவில்லையா?

உங்கள்,
வாயாடி

ஏப்ரல் 14

அன்புள்ள வாயாடிக்கு,

நீ எழுதி அனுப்பியதில் நிறையப் பாடம் இருக்கிறது. மூன்றாவது புத்தகத்தில் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது பற்றித் தனியாக ஓர் அதிகாரமே வருகிறது. வேலை செய்யும் மேசையைக் கடை முன்பக்கம் போடு. வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே வெட்டு. சாவியைக் கடையில் வாங்கி வைக்காதே, நீயே அவர்கள் வீட்டுக்குப் போ. தலைமையாசிரியை வீட்டுக் கதவுக்கு இலவசமாக எண்ணெய் போட்டுக் கொடு, அவர் நாலு பேரிடம் சொல்வார். ஒரு வருடத்துக்கு உத்தரவாதச் சீட்டு கொடு. கடையின் பெயரை மாற்றினாலும் தவறில்லை. பாப்பா பெயரை வைக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பூட்டுக்காரன்

ஏப்ரல் 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஒரு கேள்வி கேட்டேன். ஆறு யோசனை வந்திருக்கிறது.

பாப்பாவின் அம்மா

மே 17

வாயாடி,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இங்கே தாள் கணக்காகத்தான் கொடுப்பார்கள். இது கடைசித் தாள்.

தெரியும். அவன் கைக்குட்டையைப் பிரித்து சோப்புக்கட்டியை மேசைமேல் வைத்தபோதே தெரியும். யாருடைய சாவி என்று கேட்க வாயெடுத்தேன். அந்த வாரம் முழுக்க கடைக்குள் ஒரு ஈ காக்கை வரவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான் என்று பட்டது. வந்த ஒருவனையும் விரட்டுவதா என்று வாயை மூடிக்கொண்டேன். வெட்டிக் கொடுத்தேன். “நல்லா திறக்கும்” என்றுகூடச் சொன்னேன்.

விசாரணையில் தெரியாது என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ உடனே நம்பினாய். சந்தேகப்பட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அந்தச் செவிலியம்மாவின் அப்பா திருட்டு நடந்த அன்று உள்ளறையில் படுத்திருந்தாராம். ஆள் நடமாட்டம் கேட்டும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். நீதிமன்றத்தில் சொல்லக் கேட்டேன். அதை எந்தப் புத்தகத்தை வைத்தும் மறைக்க முடியவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஜூன் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

உடனே எழுத வரவில்லை. மன்னியுங்கள் என்று எழுதப் போனேன், எதற்கு என்று தெரியாமல் அடித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்தச் செவிலியின் வீட்டுக்குப் போனேன். போகச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் தெருவில் இனி ஒருவரிடம்கூட “அவருக்குத் தெரியாதுங்க” என்று என்னால் சொல்ல முடியாது. திருட்டுக் கொடுத்தவரிடமே அந்தப் பொய்யைச் சொன்னேன், முதலில் அங்கேதானே போக வேண்டும்? வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் அப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கத்துவார், கதவைச் சாத்துவார் என்று நின்றேன்.

“எனக்கு அப்பவே தெரியும்மா. அவருக்குத் தெரியாது தெரியாதுன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லும்போது, பாவம், இவளாவது நம்பிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

கத்தியிருக்கலாம் அவர்.

சாவி வெட்டும் இயந்திரத்தைச் சந்தைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கடைச் சொந்தக்காரரிடம் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். அங்கே யார் வீட்டுச் சாவியும் என் கையில் இருக்காது. தலைமையாசிரியைதான் மேலாளரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். நான் அவரிடமும் உண்மையைச் சொன்ன பிறகுதான் வாங்கிக் கொடுத்தார். அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. “அப்பா தப்பு செய்யலதானே?” என்று முந்தாநாள் கேட்டாள். பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

உங்களை வெறுக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வெறுத்தால்கூட ஒரு பக்கமாகப் போய்விடலாம் போலிருக்கிறது. கடைக்கான யோசனை எதுவும் இனி எழுத வேண்டாம்.

இருபத்தெட்டாம் தேதி பார்வையாளர் நாள். வருவேன். பாப்பாவை அழைத்து வரவில்லை. என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. நீங்களும் ஏதும் பேச வேண்டாம். வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

பாப்பாவின் அம்மா