மாமா வாங்கித் தந்த வரிச் சலுகை

அன்பு மருமகனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது நடப்பதெல்லாம் நடக்கும் என்று உன் தாய்மாமன் அப்போதே சொன்னான். வயதானவர்களைக் கவனிக்கச் செலவு செய்யும் குடும்பங்களுக்கு அரசாங்கம் வரியில் கழித்துக் கொடுக்கப் போகிறது என்று இந்த ஊரில் முதலில் வாயைத் திறந்தது யார்? நான்தான். என் ஒர்க்‌ஷாப்பில், கையில் ஒரு கார்புரேட்டரோடு. பத்திரிகைக்காரர்களுக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

போனில் பேசினால் என் வாய் எங்கெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கிரீஸ் கறை இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் தங்கை திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்யப் போகிறாள். மருந்துக் கம்பெனி லேபில் சூப்பர்வைசர் ஆவதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வரும் நர்ஸம்மாவிடம், "இனிமே உங்களுக்குச் சம்பளம் கொடுக்க என்னால முடியாதுங்க, அம்மாவை நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். நர்ஸம்மா என் அக்காவின் தலையணை உறையை மாற்றிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே மாற்றிய உறைதான்.

அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் வீட்டில் இப்போது கதவு மூடும் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கிறது. உனக்குப் புரியும்.

நர்ஸம்மா இல்லாவிட்டால் என்ன, மாமா இருக்கிறாரே என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கவாதம் வந்த பிறகு அக்காவுக்குத் தொண்டை சரியாக விழுங்குவதில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கீழே இறக்கி, கால் கரண்டி கால் கரண்டியாகத்தான் ஊட்ட வேண்டும். அந்தக் கலையில் நான் டாக்டர்களுக்கே பாடம் எடுப்பேன். ஆனால் போன வாரம் ஊட்டும்போது, நான் ஒரு மந்திரியின் காரை நடுரோட்டில் ஒரே ஒரு ஹேர்பின்னால் ஸ்டார்ட் செய்த கதையைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள். உடனே புரையேறி, முகம் நீலமாகிவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி நான் மரம் மாதிரி நின்றேன். நர்ஸம்மா ஓடிவந்து குனியவைத்து முதுகில் தட்டிக் காப்பாற்றினார். அப்புறம் என்னைப் பார்த்து, "மாமா, ஊட்டுங்க, இல்லைன்னா கதை சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துப் பண்ணாதீங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் என் வண்டியை எங்கே நிறுத்தினேன் என்றே மறந்துபோய் நடந்தே போனேன்.

உன் தங்கையும் அதைப் பார்த்தாள். அதனால்தான் இந்த முடிவு. உன்னிடம் பணம் கேட்கச் சொன்னேன். "கேட்டேன் மாமா. 'அதான் வரியில திரும்ப வரப்போகுதே, என்கிட்ட எதுக்குக் கேக்குறே'ன்னு அண்ணன் போனை வெச்சுட்டான். இனிமே அவன் வாசல்ல நிக்க மாட்டேன்" என்றாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை மருமகனே. நீ நம்பித்தான் சொன்னாய். நீ நம்பியது என்னை.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அக்கா இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு நீ வந்ததில்லை. சுத்தமான இடம், திட்டக்கூடாது. ஆனால் அக்கா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நான் போய் என்ன கதை அளந்தாலும் திரும்பமாட்டாள். என் கதைக்கு "சும்மா அளக்காதேடா" என்று சொல்லாத அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று உன் தங்கைக்கும் ஆசைதான், செலவுக்குத்தான் பயந்தாள். அப்போதுதான் நான் நடுக்கூடத்தில் நின்று, "சட்டம் வந்தாச்சு! வரி ஆபீஸ் பெரிய அதிகாரியே என்கிட்ட சொல்லிட்டார், செலவுல பாதி திரும்பி வரும்!" என்றேன். மறுநாளே அக்கா வீட்டுக்கு வந்தாள். அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நீ இதைப் படித்ததும் தங்கைக்குப் போன் போடு. திங்கட்கிழமைக்கு முன்னால். வரியைப் பற்றிப் பேசாதே. நர்ஸம்மா சம்பளத்தில் உன் பங்கை மட்டும் சொல். நானும் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அங்கே இருக்கிறேன், வாயைக் கட்டிக்கொண்டு ஊட்டுகிறேன் என்று நர்ஸம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருங்கள். குழந்தைக்கு மாமா தாத்தாவின் முத்தம்.

இன்னொன்றும் எழுதவேண்டும். அந்தப் பெரிய அதிகாரி, அதிகாரி இல்லை. வரி ஆபீஸில் கிளார்க், பிரேக் சரிபார்க்க என்னிடம் வண்டி விட்டவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது, "இன்னும் யோசனையாத்தான் இருக்கு அண்ணே. சட்டமாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றுதான். வந்தாச்சு என்பது நானாகச் சேர்த்தது. உன் தங்கையிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் போன் அவளுக்குப் போய்விடட்டும். வெறும் கையோடு அந்த வீட்டுப் படி ஏற எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தாய்மாமன்